ஆரம்பகால குவேக்கர் நூல்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ இயக்கத்தார்; ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கிறிஸ்துவின் ஒளி இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்நூற்றாண்டில் அவர்கள் எழுதியவற்றில் பெரும்பங்கு யாரோ ஒருவருக்குச் சொன்ன பதில். ஒரு போதகர் கண்டித்து ஒரு சிறுநூல் போடுவார், அதற்கு மறுப்பு வரும், மறுப்புக்கும் மறுப்பு வரும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் எடுத்துப் படிப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

குவேக்கர் அல்லாத போதகர் ஜான் பன்யனை எடுத்துக்கொள்வோம். 1656இல் அவர் குவேக்கர்களைத் தாக்கி எழுதினார். குவேக்கரான எட்வர்ட் பரோ அதே ஆண்டிலேயே பதில் கொடுத்தார். 1657இல் இருவரும் இன்னொரு சுற்று மோதினார்கள். ஆக மொத்தம் நான்கு நூல்கள். பன்யனை மட்டும் படித்தால், மரியாளிடம் பிறந்து எருசலேமில் அறையப்பட்ட கிறிஸ்துவைக் குவேக்கர்கள் மறுப்பதாகத் தோன்றும். பரோவை மட்டும் படித்தால், மனிதனுக்குள் ஒளியாக இருக்கும் கிறிஸ்துவைப் பன்யன் மறுப்பதாகத் தோன்றும். நான்கையும் அடுக்கி வைத்தால்தான் சண்டை எங்கே என்று பிடிபடும்: இரட்சிப்பு வெளியே ஒருமுறை நடந்து முடிந்த நிகழ்ச்சியைச் சார்ந்ததா, உள்ளே இன்றும் நடக்கும் வேலையைச் சார்ந்ததா? போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டரும் குவேக்கர் ஜேம்ஸ் நெய்லரும் 1655இல் மோதிக்கொண்ட நூல்களையும் இப்படி ஜோடியாகத்தான் படிக்க வேண்டும். ஜோடியைத் தேட ஜோசப் ஸ்மித் தொகுத்த பட்டியல்கள் உதவும். குவேக்கர் நூல்களுக்கான பட்டியல் 1867இல் வந்தது, எதிர்ப்பு நூல்களுக்கானது 1873இல். ஒவ்வொரு நூலுக்கும் குறிப்பெடுக்கும்போது, இது எதற்குப் பதில், இதற்குப் பதில் எது என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, எதிராளியின் வாயிலிருந்து வந்ததாகக் காட்டப்படும் வரிகளை அப்படியே நம்புவது. குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1659இல் வெளியிட்ட பெரிய மறுப்புநூல் நூற்றுக்கும் மேற்பட்ட கண்டன நூல்களுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்கிறது. எதிராளியின் ஒரு வாக்கியம், கீழே பதில் என்பதே அதன் அமைப்பு. அந்த வாக்கியம் சுருங்கியிருக்கும், சொல் மாறியிருக்கும், முன்பின் அறுந்திருக்கும். மூலத்தைப் புரட்டாமல் அதை எதிராளியின் கருத்தாக மேற்கோள் காட்டக் கூடாது. எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. பாப்டிஸ்ட் தரப்பின் தாமஸ் ஹிக்ஸ், ஒரு கிறிஸ்தவனும் ஒரு குவேக்கரும் பேசிக்கொள்வதுபோல் எழுதினார். அதில் குவேக்கர் பேசும் வரிகளும் ஹிக்ஸ் எழுதியவைதான். குவேக்கர் வில்லியம் பென் 1673இல் அதற்குச் சூடாகப் பதிலளித்தார், சர்ச்சை 1674இல் லண்டனில் பொதுக்கூட்டம் வரை போனது. ஆனாலும் ஹிக்ஸின் பாத்திரம் பேசியதைக் ‘குவேக்கர்கள் சொன்னது’ என்று எடுத்தாள்வோர் இன்றும் உண்டு.

அமெரிக்காவின் ரோட் தீவுக் குடியேற்றத்தை நிறுவிய, குவேக்கர்களை எதிர்த்த ரோஜர் வில்லியம்ஸ் விஷயத்தில் வேறொரு குழப்பம். 1672 ஆகஸ்டில் ரோட் தீவில் அவர் நடத்திய விவாதத்தை ஃபாக்ஸுடன் நேருக்கு நேர் நடந்ததாகச் சொல்லிவிடுகிறார்கள். ஃபாக்ஸ் அதற்கு முன்பே அங்குள்ள நியூபோர்ட் நகரை விட்டுக் கிளம்பிவிட்டார். எதிரே நின்றவர்கள் ஜான் ஸ்டப்ஸ், ஜான் பர்ன்யீட், வில்லியம் எட்மண்ட்சன் ஆகிய மூன்று குவேக்கர்கள். வில்லியம்ஸ் முன்வைத்தவை 14 கூற்றுகள். நியூபோர்ட்டில் மூன்று நாள், பிராவிடென்ஸில் ஒரு நாள் விவாதம் நடந்தது. அவருடைய நூல் 1676இல்தான் வந்தது, ஃபாக்ஸும் பர்ன்யீட்டும் எழுதிய பதில் 1678இல். எனவே இரண்டுமே அன்றைய சபைக் குறிப்புகள் அல்ல, ஆண்டுகள் கழித்து அவரவர் சார்பில் எழுதியவை.

தேதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. குவேக்கர்கள் மாதங்களுக்குப் புறமதத் தெய்வங்களின் பெயர் வேண்டாமென்று எண்களால் குறித்தார்கள். மார்ச்தான் முதல் மாதம். கணக்கு எளிது: 1 முதல் 10 வரை இரண்டைக் கூட்டினால் நம் மாதம். 11 என்றால் ஜனவரி, 12 என்றால் பிப்ரவரி, இவ்விரண்டுக்கும் ஆண்டில் ஒன்று கூட்ட வேண்டும். மார்ச் 1 முதல் 24 வரையிலும் பெரும்பாலும் அப்படியே. 1660/61 என்று இரட்டையாக இருந்தால் பின்னதை எடுத்துக்கொள்ளலாம். 1752 முதல் ஜனவரியே முதல் மாதம், அதற்கு இந்தக் கணக்கு செல்லாது.

கவனக்குறைவு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு, குவேக்கர்கள் போரை மறுத்து வெளியிட்ட புகழ்பெற்ற சமாதான அறிக்கையே சாட்சி. அதன் தேதி ‘1660, 11ஆம் மாதம், 21ஆம் நாள்’. நவம்பர் 1660 என்று படித்தால், லண்டனில் தாமஸ் வென்னரின் ஆயுதக் கலகம் நடப்பதற்கு முன்பே அறிக்கை வந்துவிட்டதாக ஆகும். உண்மையில் கலகம் 1661 ஜனவரி தொடக்கத்தில் நடந்தது. குவேக்கர்களையும் கலகக்காரர்களோடு சேர்த்துச் சிறைப்பிடித்தார்கள். அந்த நெருக்கடியில் 1661 ஜனவரி 21 தேதியிட்டு வந்தது அறிக்கை. தேதி பிசகினால் காரணமே காணாமல் போகிறது.

1661க்குப் பிந்தைய நிலைப்பாட்டை அதற்கு முந்தைய நூல்களில் ஏற்றிப் பார்ப்பதும் இதே வகைப் பிழை. 1650களில் ராணுவத்திலும் குவேக்கர்கள் இருந்தார்கள். போரை முழுதாக மறுக்கும் நிலைப்பாடு அன்று எல்லோரிடமும் உறுதிப்பட்டிருக்கவில்லை. இறையியலுக்கு, குவேக்கர் நம்பிக்கைகளை முறைப்படுத்தி எழுதிய ராபர்ட் பார்க்ளேயின் 15 கூற்றுகளை அளவுகோலாக்குவதும் ஆபத்து. லத்தீனில் 1676, ஆங்கிலத்தில் 1678 என்று வந்த அந்நூலின் ஆசிரியர் 1648இல் பிறந்தவர், கல்லூரிப் படிப்பாளி. 1653இல் சிறையிலிருந்து எழுதிய ஒரு குவேக்கரின் வேகம் அதில் கிடைக்காது. ஒன்றுக்கு மட்டும் பார்க்ளே கட்டாயம் வேண்டும்: உள்ளொளி (மனிதனுக்குள் இருக்கும் கிறிஸ்துவின் ஒளி) என்றால் மனசாட்சி என்று எழுதிவிடுகிறார்களே, அவர் அதைத் தெளிவாக மறுக்கிறார். மனசாட்சி வெறும் விளக்குக் கூண்டு, ஒளி உள்ளே எரியும் மெழுகுவத்தி என்பது அவர் தந்த உவமை.

பதிப்பையும் பாருங்கள். ஃபாக்ஸின் ‘ஜர்னல்’ அன்றாடக் குறிப்பு அல்ல, பெரும்பகுதி 1675 வாக்கில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அவர் இறந்தபின் சக குவேக்கர் தாமஸ் எல்வுட் திருத்தி 1694இல் அச்சிட்டார். ஃபாக்ஸ் தன்னைக் கடவுளின் மகன் என்று சொல்லும் 1654ஆம் ஆண்டுக் கடிதம் (அன்று இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல்லுக்கு எழுதியது) போன்ற இடங்களில் எல்வுட் கத்தரி வைத்திருக்கிறார். எதிரிகள் கடித்துக் குதறியதே அத்தகைய வரிகளைத்தான், ஆகவே சர்ச்சையை ஆராய்பவர் 1911இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட கையெழுத்துப்படிப் பதிப்பைப் பார்க்காமல் இருக்க முடியாது. நெய்லரின் 1716ஆம் ஆண்டுத் தொகுப்பும் முழுமையானதல்ல. 1673 முதல் லண்டனில் திங்கட்கிழமைதோறும் கூடிய குவேக்கர் குழு ஒன்று அச்சுக்குப் போகும் கைப்பிரதிகளைச் சலித்தது. அதன் பிறகு தொனி அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பாளர் எல்லோரும் அரசுத் திருச்சபைக்காரர் என்று எண்ணிவிடவும் கூடாது. பன்யனும் ஹிக்ஸும் அதற்கு வெளியே நின்றவர்கள். ஜார்ஜ் கீத் குவேக்கராக இருந்து குவேக்கர்களுக்காக எழுதியவர். பென்சில்வேனியாவில் 1690களின் தொடக்கத்தில் பிளவுக்குத் தலைமை தாங்கினார். 1695இல் குவேக்கர்களின் லண்டன் ஆண்டுக்கூட்டம் அவரை விலக்கியது, 1700இல் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையில் குருவானார். பழைய நண்பர்களை மடக்க அவர் கையிலெடுத்தவற்றில் அவர்களுடைய பழைய நூல்களும் உண்டு. ‘கீத் சொல்கிறார்’ என்று எழுதுமுன் எந்த ஆண்டு நூல் என்று பார்த்து, அந்த ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.