குளிர்நாட்டில் ஆப்பிரிக்கக் கீரைகள்: பயிரிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸை ஒட்டிய புரூக்ளின் பார்க் போன்ற ஊர்களில் லைபீரியர்களும் கென்யர்களும் நைஜீரியர்களும் கணிசமாக வாழ்கிறார்கள். அவர்களுக்கான காய்கறிகளை அங்கேயே விளைவிக்க முனைவோரில் பலர், அனைவரையும் ‘ஆப்பிரிக்கர்’ என்று ஒரே கணக்கில் வைத்து, விதை வாங்கும்போதே சறுக்கிவிடுகிறார்கள். கென்யாவின் கிசீ பகுதியினர் தேடும் சின்சாகா, நம் ஊர் வரப்புகளில் களையாக முளைக்கும் நல்வேளைதான். லைபீரியர்களுக்குக் கசப்பான குட்டிக் கத்தரியும் சர்க்கரைவள்ளி இலையும் வேண்டும். நைஜீரியாவின் யோருபா மக்களோ எவெடு என்னும் கொழகொழப்பான சணல் கீரையைக் கேட்பார்கள். ஒருவர் விரும்பி வாங்குவதை மற்றவர் திரும்பியும் பார்ப்பதில்லை.

அடுத்த தவறு, பகல் நீளத்தைக் கணக்கில் கொள்ளாதது. வெப்பத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். ஆனால் 45 பாகை வட அட்சரேகையில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ பதினைந்தரை மணி நேரம் நீள்வதை மறந்துவிடுகிறார்கள். புளிச்சக்கீரை இனத்துச் செடியான ரோசெல் பகல் சுருங்கிய பிறகே பூப்பதால், பானத்துக்கு உதவும் அதன் சிவந்த புல்லி இதழ்கள் திரளுமுன் உறைபனி செடியைக் கருக்கிவிடும். அதை இலைக்காக மட்டுமே வளர்ப்பது நல்லது. சணல் கீரைக்கோ அதே நீண்ட பகல் சாதகமானது. வெப்பநாட்டில் விரைவில் பூத்து முற்றும் அது, இங்கே இலையாகவே தழைக்கும். கத்தரி வகைகளை மே மாத இறுதியில் நேரடியாக விதைத்தால் காய்ப்பதற்குள் பருவம் முடிந்துவிடுமாகையால், எட்டு வாரங்களுக்கு முன்பே வீட்டுக்குள் நாற்று விட வேண்டும்.

விதை முளைக்காவிட்டால் விற்றவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் புதிதாக அறுத்த நல்வேளை விதை சில மாதங்கள் உறங்கியே கிடக்கும். வெளிச்சம் பட்டாலும் அதன் முளைப்பு குறையுமாகையால், மெல்லிய மண்ணால் மூட வேண்டும். சணல் கீரை விதையின் கடினமான தோலை, விதைக்குமுன் சில விநாடிகள் வெந்நீரில் முக்கி இளக்கலாம். நைஜீரியர்கள் கீரையாக உண்ணும், பரங்கிக்கு உறவான உகு கொடி இதற்கு நேர்மாறானது: அதன் பெரிய விதைகள் காய்ந்தால் உயிரிழந்துவிடும், சில நேரம் காய்க்குள்ளேயே முளைவிட்டிருக்கும். பரங்கி விதையைப் போல வெயிலில் உலர்த்திப் பத்திரப்படுத்துவது அதைக் கொல்வதற்குச் சமம்.

அறுவடையிலும் விற்பனையிலும் பிழை நேர்வதுண்டு. மணத்தக்காளியின் உறவான கென்யக் கீரை மனாகுவை வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளி, பூவையும் அகற்றிவந்தால் பல முறை பறிக்கலாம். வதக்கினால் சுருங்கும் கீரையைப் பேரங்காடி அளவில் சிறு கட்டாகக் கட்டினால், ஒரு குடும்பத்துக்கே போதாது.

ஊரிலிருந்து பெட்டியில் விதை கொண்டுவரச் சொல்வதும் வேண்டாம். தாவர நலச் சான்றிதழின்றி வரும் விதை பறிமுதலாகலாம். கானா நாட்டவர் விரும்பும் சுண்டைக்காயை அமெரிக்கக் கூட்டரசு தீங்குக் களையாகப் பட்டியலிட்டிருப்பதால், அதை உள்ளே கொண்டுவரவும் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பவும் தனி அனுமதி பெற வேண்டும்.