நீலகிரியிலிருந்து பனிச்சறுக்குக்குப் புறப்படுகிறவர்கள் ஊரையும் தங்குமிடத்தையும் தேர்ந்தெடுப்பது எப்படி

மார்கழியில் தலைகுந்தா புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படம் நாளிதழ்களில் வந்துவிட்டால், கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில் தங்க வருகிறவர்களில் ஒருவராவது, பலகை கட்டிக்கொண்டு சறுக்க ஊட்டியில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்பார். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பனித்துளி, மூடுபனி, உறைபனி, வானிலிருந்து பஞ்சுபோல் விழும் பனி ஆகிய நான்கையும் தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். நம் மலையில் காண்பது உறைபனி. மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை இழந்துவிட, காற்றிலுள்ள ஈரம் புல் நுனியிலும் தேயிலைக் கொழுந்திலும் படிகமாகப் படிந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடுகிறது. கொழுந்தைக் கருக்க அது போதும். பலகையைத் தாங்கப் போதாது. இத்தனைக்கும் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், குல்மார்க்கின் உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். உயரத்தில் இரண்டும் ஒன்றுதான் என்றாலும், நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகையில் இருக்கிறோம், அது 34 பாகையில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று பனியாகவே கொட்டுகிறது. ஆகவே நீலகிரிக்காரரானாலும் பழனிமலைக்காரரானாலும் பனிச்சறுக்குக்கு மலையிறங்கி வடக்கே போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஊரை முடிவு செய்வதற்கு முன் நாளை முடிவு செய்யுங்கள். நம்மில் பலர் அரையாண்டு விடுமுறையையோ பொங்கல் விடுமுறையையோ வைத்துத் திட்டமிடுகிறோம். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள்களைச் சில்லை கலான் என்பார்கள். கடுங்குளிர் காலம் அதுதான். ஆனால் குளிர் இருப்பதாலேயே தரையில் போதிய பனி இருக்கும் என்று பொருளல்ல. 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க் புல்வெளி காய்ந்து பழுப்பாகவே கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. எனவே தை பாதியிலிருந்து மாசி முடிவு வரையிலான நாள்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தைத் திரும்பப் பெறக்கூடிய முறையில் அறையைப் பதிவு செய்து, புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பிலிருந்து அந்த ஊரின் வானிலை அறிவிப்பைத் தினமும் பார்த்து வருவதே என் பரிந்துரை. விடுதித் தொழிலில் இருக்கும் நமக்கு அது சீசன் இல்லாத காலம் என்பதால் வேறொரு வசதியும் உண்டு. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகள் மட்டும் ஓராண்டு பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது குல்மார்க்தான். ஶ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், பாராமுல்லா மாவட்டத்தில், கிண்ணம் போன்ற ஒரு புல்வெளியைச் சுற்றி அமைந்திருக்கிறது. ஆங்கிலேயர்கள் 1927-லேயே இங்கு பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரரான ஆரிஃப் கான் இந்த வட்டாரத்துக்காரர். கொண்டோலா எனப்படும் கயிற்றுக்கார் முதல் கட்டமாகச் சுமார் 3,100 மீட்டர் உயரத்திலுள்ள கோங்டூரிக்கும், இரண்டாம் கட்டமாக ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் அஃபர்வாட் மலைத்தோளுக்கும் ஏற்றிச் செல்கிறது. இந்தப் பெரிய பெயர்களைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம். கற்றுக்கொள்கிறவர்களுக்கான இடம் கீழே புல்வெளியிலேயே இருக்கிறது. முதல் மூன்று நாள் அங்கேதான் கழியும். இரண்டாம் கட்டத்துக்கு மேலுள்ள சரிவுகள் பெரும்பாலும் இயற்கையாக விடப்பட்டவை. அங்கே பனிச்சரிவு ஆபத்து உண்மையானது. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட்டில் அவ்வாறு சரிந்ததில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தார்கள். நம் ஊர் அவலாஞ்சிக்குப் பெயர் வந்தது ஒரு மண்சரிவால். ஆங்கிலத்தில் பனிச்சரிவைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்குரிய சரியான பொருளை அங்கே போனால்தான் உணர்வோம். கயிற்றுக்காருக்கான சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், அதுவும் விரைவில் தீர்ந்துவிடும்.

பயிற்சிக்கு இரண்டு வழிகள் உள்ளன. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குல்மார்க்கில் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றக் கழகம் நடத்தும் வகுப்புகளில் முன்கூட்டியே விண்ணப்பித்துச் சேரலாம். விடுதி, கருவி, பயிற்சி எல்லாம் ஓர் ஒழுங்கில் நடக்கும். அல்லது அங்கு பதிவுபெற்ற தனிப் பயிற்றுநர் ஒருவரை நாள் கணக்கில் அமர்த்திக்கொள்ளலாம். சரிவில் நிற்கும்போது தாமாக வந்து கையைப் பிடிக்கும் எவரையும் அந்த இடத்திலேயே ஒப்புக்கொள்ளாமல், அடையாள அட்டையைப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், கருவி வாடகை உட்பட எவ்வளவு என்பதைப் பேசி முடித்துவிட்டுத் தொடங்குங்கள். ஊட்டிப் படகு இல்லத்தின் வாசலில் குதிரைக்காரர்களிடம் பேசிப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். முதல் பயணத்தில் நான் பதிவு செய்த விடுதியின் பெயரில் குல்மார்க் இருந்தது. விடுதி இருந்தது 13 கிலோமீட்டர் கீழே டங்மார்க்கில். வாடகை குறைவாக இருந்ததன் காரணம் போன பிறகே புரிந்தது. பனி கனமாக விழுந்த காலைகளில் சாதாரண வண்டிகளை டங்மார்க்கிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாறித்தான் மேலே போக முடியும். அவ்வாறு ஏறிச் சேர்வதற்குள் காலை வகுப்பு பாதி முடிந்துவிட்டது. ஆகையால் அறையின் படத்தைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். விடுதியிலிருந்து பயிற்சிச் சரிவுக்கு நடந்து போக எத்தனை நிமிடம் என்பதே முதல் கேள்வி. பனிச்சறுக்குக் காலணி கணுக்காலை மடக்க விடாது. அதைப் போட்டுக்கொண்டு, தோளில் பலகையோடு பத்து நிமிடம் நடப்பது சாதாரணமாக அரை மணி நேரம் நடப்பதற்குச் சமம். குல்மார்க்கிலேயே தங்க முடிந்தவர்கள், ஜம்மு காஷ்மீர் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் குடில்களிலிருந்து கைபர் போன்ற விலையுயர்ந்த விடுதி வரை தங்கள் கைக்கு ஏற்றபடி பார்க்கலாம். சிக்கனம் தேவையானால் அறையின் தரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள், தூரத்தில் வேண்டாம்.

அடுத்ததாக, அறை எதனால் சூடாகிறது என்று கேளுங்கள். மின் கம்பளமும் மின் சூடேற்றியும் மட்டும் உள்ள இடத்தில், மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரம் ஜெனரேட்டர் ஓடும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். புகாரி என்ற விறகு அடுப்புக்குப் புகைக்குழாய் வெளியே போகிறதா என்று நேரில் பாருங்கள். கங்ரி என்ற தணல் கூடையைக் காஷ்மீரிகள் ஃபெரன் என்ற நீண்ட மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு நடமாடுவார்கள். அது அவர்கள் பழக்கம். நாம் அதையோ வேறு கரி அடுப்பையோ மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. குளிருக்காக அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி நம் மலையிலும் கொடைக்கானலிலும் வந்ததுண்டு. வெந்நீரைப் பற்றியும் ஒரு சொல்: குழாய் உறைந்துபோகும் காலைகளில் வாளியில் கொண்டுவந்து தருவார்கள், அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஈரக் காலுறையையும் கையுறையையும் இரவில் உலர்த்த இடமுண்டா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். காஷ்மீரிகள் நம்மைப்போலவே சோறுண்கிறவர்கள். ஹாக் என்ற கீரையையும் பருப்பையும் எந்தச் சமையலறையிலும் கேட்டு வாங்கலாம். நூன் சாய் என்ற உப்புத் தேநீர் மட்டும், குன்னூர்த் தேயிலையில் வளர்ந்த நாக்குக்குச் சற்று நாள் பிடிக்கும்.

உத்தரகண்டின் ஔலி இரண்டாவது தேர்வு. சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட்டுக்கு மேலே சுமார் 2,500 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி நிற்கும். அங்கே கர்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் 7 நாள், 14 நாள் பயிற்சிகளை நடத்துகிறது. அதன் தங்குமிடம் சரிவின் ஓரத்திலேயே இருப்பது, மேலே சொன்ன நடைத் தொல்லையை முற்றிலும் நீக்கிவிடுகிறது. கூட்டறையில் தங்கச் சம்மதிக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் தனியாகப் போகிறவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் இல்லை என்றே நினைக்கிறேன். குறைகளும் இரண்டு உண்டு. குல்மார்க்கைவிடப் பனி நிச்சயமற்றது. மேலும் 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது, அங்கிருந்து ஔலிக்கு ஏறும் கயிற்றுப்பாதை நிறுத்தப்பட்டது. ஆகவே சாலை வழியாக ஏறுவதாகவே திட்டமிடுங்கள். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை ஒரு முழுப் பகலை எடுத்துக்கொள்ளும். கல்லட்டி மலைப்பாதையில் தலைசுற்றுகிறவர்கள் வழியில் ஓர் இரவு தங்கிச் செல்லட்டும்.

இமாச்சலத்தில் மணாலிக்கு அருகிலுள்ள சோலாங்கும், சிம்லாவுக்கு மேலுள்ள நார்கண்டாவும் பேசப்படுகின்றன. மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் முறையான வகுப்பில் சேர்வதானால் போகலாம். மற்றபடி சோலாங் என்பது பனியைத் தொட்டுப் பார்த்துப் படமெடுத்துக்கொள்ள வருகிறவர்களின் கூட்டத்தில் ஒரு நாள் போய்விடும் இடம்.

கடவுச்சீட்டு கையில் உள்ளவர்கள் கஜகஸ்தானின் அல்மாட்டியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 2022 முதல் இந்தியர்கள் அங்கே 14 நாள் வரை விசா இல்லாமல் தங்க முடிகிறது. டெல்லியிலிருந்து நேரடி விமானமும் உண்டு. அல்மாட்டி நகரில் தங்கி, காலையில் மெடேயு ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கம் வரை பேருந்தில் போய், அங்கிருந்து கயிற்றுக்காரில் ஷிம்புலாக் ஏறலாம். ஷிம்புலாக்கின் அடிவாரம் 2,260 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். சரிவுகள் குறியிட்டுப் பராமரிக்கப்படுவதால், குல்மார்க்கில் ஒருமுறை கற்றுவிட்டு வருகிறவருக்கு ஏற்ற அடுத்த படி இது. அசைவம் உண்ணாதவர்கள் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் மறக்க வேண்டாம்.

கருவிகளை விலைக்கு வாங்காதீர்கள், வாடகைக்கே எடுங்கள். பலகை நிறுத்தி வைத்தால் கற்பவரின் தாடை அளவு இருந்தால் போதும். காலணி விஷயத்தில் மட்டும் கடைக்காரரின் அவசரத்துக்கு இணங்கக் கூடாது. ஒரே ஒரு நீளக் காலுறையைப் போட்டுக்கொண்டு, காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னுக்குத் தள்ளிய பிறகு கொக்கிகளை மாட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்சுவரைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் அதிலிருந்து விலக வேண்டும். குதிகால் மேலெழும்பினால் அளவு பெரிது. குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போட்டுக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் விரைவில் மரத்துப்போகும். நான் முதல் நாள் அப்படித்தான் செய்தேன். பதினொரு மணிக்குள் இரண்டு சுண்டுவிரல்களும் இருப்பதே தெரியவில்லை. தலைக்கவசமும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டாம், பனியில் பட்டு மேலெழும் வெயில் கண்ணைப் புண்ணாக்கிவிடும். ஊட்டியில் தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர்கள் விற்கும் கம்பளிச் சட்டைகள் மாலையில் அறையில் போட்டுக்கொள்ள அருமையானவை. சரிவில் விழுந்து எழும்போது அவற்றில் பனி ஒட்டி உருகி நனைத்துவிடும் என்பதால், வெளியே நீர் புகாத மேலங்கியும் கால்சட்டையும் தேவை. பருத்தி உள்ளாடை வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரச் செய்யும். அதைத் தவிர்க்க வேண்டும்.

உடலைப் பொறுத்தவரை மலைவாசிகளுக்கு ஒரு சாதகம் உண்டு. சென்னைக்காரருக்குக் குல்மார்க்கில் முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கும், நமக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் அஃபர்வாட் உயரத்துக்கு அந்தச் சலுகை செல்லாது. தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே கீழிறங்குங்கள். புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்பிருந்து, தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஏறுவதைவிட இறங்குவதை அதிகம் பழகுங்கள். முழங்காலைச் சற்று மடக்கியபடி நிதானமாக இறங்கும்போது வலிக்கும் அதே தொடைத் தசைதான் பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகற்றி, வேகத்தைக் குறைக்கும்போதும் வேலை செய்கிறது. முதல் நாள் பயிற்றுநர் கற்றுத்தருவது பெரும்பாலும் அதை மட்டும்தான்.

பயணத்துக்குக் கோவையிலிருந்து டெல்லி வழியாக ஶ்ரீநகர் விமானமே எளிது. ரயிலை விரும்புகிறவர்களுக்குக் கோவை வழியாகக் கட்ராவுக்கு வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறது. கட்ராவிலிருந்து ஶ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. ஶ்ரீநகர் விமானங்கள் பனியால் அடிக்கடி ரத்தாகும் என்பதால், திரும்பும் வழியில் டெல்லியில் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் பகல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் சில இடங்களைத் திறப்பதும் மூடுவதும் மாறிவருகிறது, எனவே பணம் கட்டுவதற்கு முன் அரசின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கில் ஏற்படும் காயம் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல சாதாரணப் பயணக் காப்பீடுகள் அதை விலக்கி வைக்கின்றன. மற்ற மாநிலங்களின் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எண்தான் எடுக்கும். குழுவில் ஒருவரிடமாவது அது இருக்கும்படி, மேட்டுப்பாளையம் இறங்குவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.