அக்ரிலிக் ஓவியம்: வெறும் கேன்வாஸிலிருந்து வாங்குபவர் வீட்டுச் சுவர் வரை

நான் விற்ற முதல் ஓவியம் போய்ச் சேர்ந்த மறுநாளே வாங்கியவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. நீல வானம் முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். பபிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் ஓவியத்தின் மேல் படும்படி சுற்றி அனுப்பியிருந்தேன். வரைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தது. உள்ளே காயவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. ஆசையாகச் சுவரில் ஆணி அடித்து வைத்திருந்ததாக மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் மனதை அறுக்கிறது.

அன்றிலிருந்து பெயிண்ட் வாங்குவது முதல் பெட்டி கட்டுவது வரை ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் படம் என் கையை விட்டுப் போன பிறகு என்ன ஆகும்? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதே வரிசையில் சொல்கிறேன்.

1. பெயிண்ட் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

அக்ரிலிக் பெயிண்டில் நிறமித் தூளும், தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகளும் இருக்கின்றன. தண்ணீர் ஆவியானதும் துளிகள் நெருங்கி ஒட்டிக்கொண்டு ஒரே படலமாகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. எண்ணெய் வண்ணத்துக்குப் பல நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் ஓவியர்கள் கைக்கு வந்தது 1950களின் நடுவில்தான். ஆகவே நல்ல பொருளை வாங்கி, முறையாகப் பயன்படுத்துவதுதான் நம் கையில் இருக்கும் பாதுகாப்பு.

டியூபின் முன்னால் இருக்கும் அழகான பெயரைவிடப் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் குறியீடு முக்கியம். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின் நீலம், பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம் வெள்ளை. ஒரே ஒரு குறியீடு இருந்தால் ஒரே நிறமி. கலக்கும்போது நிறம் தெளிவாக வரும். மூன்று நான்கு குறியீடுகள் இருந்தால் ஏற்கெனவே கலந்த கலவை. அதில் இன்னொரு நிறத்தைச் சேர்த்தால் சேறு மாதிரி மங்கிப்போகும். ஒளி தாங்கும் தரமும் அங்கேயே இருக்கும். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் அளவுகோலில் ஒன்று அல்லது இரண்டு என்று இருப்பதை மட்டும் வாங்குங்கள். கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் நிறங்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். விற்கிற ஓவியத்தில் அவற்றைத் தொடாதீர்கள்.

மாணவர் தரம், ஓவியர் தரம் என்று இரண்டு வகை கிடைக்கும். மாணவர் தரத்தில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். பழகுவதற்கு அதுவே போதும். விற்கத் தொடங்கும்போது 24 டியூப் கொண்ட மலிவு செட்டை விட்டுவிட்டு ஓவியர் தரத்தில் ஆறு ஏழு நிறம் வாங்குங்கள்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, குவினாக்ரிடோன் மெஜந்தா, பர்ன்ட் அம்பர். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் கறுப்புக்கு மிக அருகில், உயிருள்ள ஒரு கருமை கிடைக்கும்.

பிரஷ் செயற்கை முடியே நல்லது. ஒரு அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று, நடுத்தர அளவில் ஒன்று, நுனி கூர்ந்த சிறியது ஒன்று. முடி தரையில் அழுந்தும்படி தண்ணீர் டம்ளரில் நிறுத்தி வைக்காதீர்கள், வளைந்துவிடும். உலோகக் கழுத்துக்குள் பெயிண்ட் காய்ந்தால் பிரஷ் போனது போனதுதான்.

2. கேன்வாஸுக்கு அடித்தளம்

கடையில் வாங்கும் கேன்வாஸ் பெரும்பாலும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியே வரும். அதன் மேல் இன்னும் இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் கிடைமட்டமாக; காய்ந்ததும் நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இரண்டாவது கோட் செங்குத்தாக. பெயிண்ட் நன்றாகப் பிடிப்பதற்கு இது உதவும். மரப்பலகை, ஹார்ட்போர்டு என்றால் ஜெஸ்ஸோவுக்கு முன் தெளிவான அக்ரிலிக் மீடியத்தை (நிறமி சேராத அக்ரிலிக் பசைப்பொருள்) ஒரு கோட் பூசி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மரத்தில் இருக்கும் பழுப்புச் சாயம் தண்ணீரோடு மேலே ஏறி, நாளடைவில் வெளிர் நிறங்களை மஞ்சளாக்கும்.

பக்கவாட்டு ஓரங்களையும் இப்போதே முடிவு செய்யுங்கள். படம் ஓரத்துக்கும் தொடரப்போகிறதா, ஒரே நிறமா, வெள்ளையா? வாங்குபவர் சட்டம் போடாமல் மாட்டினால் முதலில் கண்ணில் படுவது அந்த ஓரம்தான்.

3. எதை வரைவது

இணையத்தில் கிடைத்த போட்டோவைப் பார்த்து வரைந்தால் அது பயிற்சி. விற்பது வேறு விஷயம். போட்டோ எடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு. உங்கள் கண், உங்கள் கேமரா, உங்கள் ஸ்கெட்ச் நோட்டு, இவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

முதல் வேலையாக ஒரு பெரிய ஓவியத்தில் இறங்க வேண்டாம். ஒரே விஷயத்தை வைத்து 8×10 அங்குலத்தில் ஐந்தாறு வரையுங்கள். ஒரே ஜன்னல் ஐந்து வேளைகளில் என்பதுகூடப் போதும். தனியாக ஒரு படத்தைப் பார்க்கும்போது வராத நம்பிக்கை, ஒன்றோடு ஒன்று பேசும் ஐந்தைப் பார்க்கும்போது வாங்குபவருக்கு வரும். உங்களுக்கும் வரும்.

4. வரைதல்

தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு பென்சில் ஸ்கெட்ச் போடுங்கள். கருமை, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்றே பிரிவு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் படம் புரிகிறதா என்று பாருங்கள். அங்கே புரியாதது பெரிய கேன்வாஸிலும் புரியாது.

பிறகு வெள்ளைக் கேன்வாஸில் பர்ன்ட் அம்பரை நீர்க்கக் கரைத்து மெல்லிய பழுப்பு பூசுங்கள். வெள்ளைப் பின்னணியில் எந்த நிறம் வைத்தாலும் அது கருமையாகவே தெரிந்து கண்ணை ஏமாற்றும். அந்த ஏமாற்றத்தைப் பழுப்பு நீக்கிவிடும். அது காய்ந்ததும் பெரிய பிரஷ்ஷால் பெரிய வடிவங்களை மட்டும் நிரப்புங்கள். கண், இலை, ஜன்னல் கம்பி எல்லாம் கடைசியில்.

அக்ரிலிக்கில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கலக்கும்போது பார்த்த நிறம் காய்ந்ததும் ஒரு படி கருமையாகிவிடும். ஈரமாக இருக்கும்போது பசைப்பொருள் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. காய்ந்ததும் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடுகிறது. அந்த வெள்ளைத் திரை விலகியதும் நிறம் இருண்டு தெரிகிறது. நேற்று வரைந்த வானத்தை இன்று திருத்த உட்கார்ந்தால், நிறம் பொருந்தாமல் திட்டுத் திட்டாக நிற்பது இதனால்தான்.

நான் செய்வது இது. ஒவ்வொரு ஓவியத்துக்கும் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கெட்டித் தாள் பட்டை வைத்திருப்பேன். முக்கியமான நிறம் எதைக் கலந்தாலும் பட்டையில் ஒரு தீற்றல் வைத்து ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால்தான் கேன்வாஸுக்குப் போகும். பக்கத்திலேயே பென்சிலால் கலவையையும் எழுதிவிடுவேன்: "வெள்ளை ஐந்து, அல்ட்ராமரின் ஒன்று, அம்பர் பிரஷ் நுனியில்." முக்கியமாகத் தாலோ நீலத்தில் கவனம். மிளகு அளவுகூட ஒரு கரண்டி வெள்ளையை முழு நீலமாக்கிவிடும். எப்போதும் வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைத் துளித்துளியாகச் சேருங்கள்.

வேகமாகக் காய்வது இன்னொரு தொல்லை. மூடி உள்ள தட்டையான டப்பாவில் ஈர டிஷ்யூவை விரித்து, அதன் மேல் கேக் சுடப் பயன்படும் பட்டர் பேப்பரை வைத்தால் அதுவே ஈரம் காக்கும் பேலட், அதாவது நிறம் கலக்கும் தட்டு. மூடி வைத்தால் பெயிண்ட் ஓரிரு நாள் தாங்கும். கேன்வாஸில் பாதி காய்ந்த இடத்தை மட்டும் தொடாதீர்கள். பிரஷ் பட்டதும் அடியில் உள்ள படலம் தோல் மாதிரி உரிந்து வரும். எழுந்து போய் வேறு வேலை பாருங்கள். முழுதும் காய்ந்த பிறகு மேலே பூசுவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

மிக மெல்லிய, ஒளி ஊடுருவும் பூச்சு வேண்டுமென்றால் தண்ணீரை மட்டும் ஊற்றிக் கரைத்துக்கொண்டே போகாமல் கிளேசிங் மீடியம் (மெல்லிய பூச்சுக்கான அக்ரிலிக் பசைப்பொருள்) சேருங்கள். தண்ணீர் மிதமிஞ்சினால் பசை பலவீனமாகும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த அறையிலும் படலம் சரியாக உருவாகாது.

பிரஷ் கழுவிய நீரை அப்படியே தொட்டியில் கொட்டாமல் ஒரு வாளியில் தெளிய விடுங்கள். அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடலாம்.

5. முடித்தல்: போட்டோ முதலில், வார்னிஷ் பிறகு

இந்த வரிசை மாறக் கூடாது. வார்னிஷ் அடித்துவிட்டால் பளபளப்பு போட்டோவில் வெள்ளைத் திட்டாக விழும். நேர் வெயில் படாத, நிழல் வெளிச்சம் வரும் இடத்தில் ஓவியத்தை நிறுத்தி, கேமராவை அதன் நடுப்புள்ளிக்கு நேராக வையுங்கள். கேமரா சாய்ந்தால் செவ்வகம் கோணலாகும். முழுப்படம் ஒன்று, பிரஷ் தடம் தெரியும் நெருக்கப்படம் ஒன்று, ஓரம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, அளவு புரியும்படி சுவரில் மாட்டி ஒன்று. கம்ப்யூட்டரில் நிறத்தைத் திருத்தும்போது அசலுக்கு அருகில் வைத்துத் திருத்துங்கள். அசலைவிட அழகான போட்டோவைக் காட்டி விற்றால், பெட்டியைத் திறந்த நிமிடமே வாங்கியவர் முகம் வாடும்.

காய்ந்த அக்ரிலிக் மென்மையானது, தூசியைப் பிடித்துக்கொள்ளும். வார்னிஷ் தேவைப்படுவது அதனால்தான். மெல்லிய பூச்சு என்றால் ஒன்றிரண்டு வாரம், கத்தியால் தடிப்பாக அப்பியிருந்தால் ஒரு மாதமோ அதற்கு மேலோ காத்திருங்கள். முதலில் இரண்டு பங்கு சாஃப்ட் ஜெல் கிளாஸில் (கூழ் மாதிரி இருக்கும், பளபளப்பான அக்ரிலிக் மீடியம்) ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஒரு இடைப்பூச்சு. அது காய்ந்ததும், கழற்றக்கூடிய வகை வார்னிஷ் இரண்டு மெல்லிய கோட். பல வருடம் கழித்து அழுக்கேறிய வார்னிஷை யாராவது நீக்கினாலும் உங்கள் நிறத்தில் கை படாமல் இடைப்பூச்சு காக்கும். பளபளப்பு பிடிக்காதவர்கள் முதல் கோட் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ், கடைசிக் கோட் மட்டும் பளபளப்பில்லாத மேட் என்று அடிக்கலாம். மேட்டையே அடுக்கடுக்காக அடித்தால் கருமையான இடங்கள் புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

பின்பக்கத்தில் தலைப்பு, ஆண்டு, அளவு, பயன்படுத்திய பொருள், வார்னிஷின் பெயர், உங்கள் கையெழுத்து.

6. விலை

எனக்கு அதிகத் தூக்கம் கெடுத்த படி இதுதான். மனசுக்குத் தோன்றிய விலையைச் சொல்லாதீர்கள். ஒரு சூத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் சதுர அங்குலக் கணக்கு போடுவார்கள். 12×16 என்றால் 192. 24×36 என்றால் 864. பெரியது சிறியதைப் போல நாலரை மடங்கு விலைக்குப் போய்விடும். நான் நீளத்தையும் அகலத்தையும் கூட்டுகிறேன். 12ம் 16ம் 28. 24ம் 36ம் 60. இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான். இந்தக் கூட்டலை உங்களுக்கான ஒரு எண்ணால் பெருக்கி, பொருள் செலவைத் தனியாகச் சேருங்கள். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? நடுத்தர அளவில் மூன்று ஓவியங்களுக்கு ஆன மணிகளைக் குறித்து வையுங்கள். ஒரு மணி உழைப்புக்கு உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று நேர்மையாக எழுதி, பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

கேலரிகள் பல இடங்களில் விற்பனையில் 40 முதல் 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். இன்று நீங்களே நேரடியாக விற்றாலும் அந்தப் பங்கை மனதில் வைத்தே விலை போடுங்கள். கேலரியில் ஒரு விலை, நேரில் பாதி விலை என்று விற்றால் இரண்டு பக்கமும் நம்பிக்கை போய்விடும். தெரிந்தவர் கேட்டாலும் விலையைக் குறைக்காதீர்கள். மனசு கேட்கவில்லையென்றால் ஒரு சின்ன ஸ்கெட்ச்சை அன்பளிப்பாகச் சேர்த்துக் கொடுங்கள்.

7. விற்பது, அனுப்புவது

சொந்த வலைதளம், இன்ஸ்டாகிராம், எட்ஸி மாதிரியான சந்தைகள், நேரடிக் கண்காட்சிகள் என வழிகள் பல. எல்லாவற்றிலும் ஒரே நாளில் இறங்காமல் ஒன்றை எடுத்து ஒரு வருடம் ஒழுங்காகச் செய்யுங்கள். விவரக்குறிப்பில் அளவு, பொருள், ஓரம் எப்படி, மாட்டக் கம்பி இருக்கிறதா என்பதை எழுதுங்கள். பிறகு அதை ஏன் வரைந்தீர்கள் என்று நான்கு வரி. இன்னது வேண்டும் என்று யாராவது உங்களை வரையச் சொன்னால் பாதிப் பணம் முன்பணம், ஸ்கெட்ச்சுக்கு ஒப்புதல், எத்தனை திருத்தம் என்பது எழுத்தில்.

ஓவியத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காத வரை அதன் பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் ஓவியரிடமே இருக்கும். கூட அனுப்பும் சான்றிதழில் இதை ஒரு வரியாகச் சேருங்கள்.

பேக்கிங்கில் ஓவியத்தின் முகத்தைத் தொடுவது சிலிக்கான் பூசிய, ஒட்டாத தாளாக இருக்கட்டும். நான்கு மூலைக்கும் அட்டை மூலைகள். முன்னும் பின்னும் கெட்டி அட்டை. அதன் பிறகே பபிள் ராப், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. இரண்டு ஓவியங்களை ஒரு நாளும் முகத்தோடு முகம் வைக்காதீர்கள், வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கூரியரில் கொடுத்துவிட்டு வந்ததும் பதிவேட்டில் தலைப்பு, தேதி, விலை, யாரிடம் போனது என்று எழுதி, அந்த வண்ணப் பட்டையை அதே பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். சென்ற வருடம் வழியில் மூலை உரசி ஓர் ஓவியம் திரும்பி வந்தது. பட்டையைப் பார்த்து அதே சாம்பல் நீலத்தைக் கலந்து, காயவைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது பழையது என்று எனக்கே தெரியவில்லை. வார்னிஷ் காய்ந்ததும் மறுபடி அனுப்பினேன். இப்போது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.