ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்: டிவியில் தொடங்கி பின்னோக்கி வாருங்கள்

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் கம்ப்யூட்டருக்குப் பாகம் பார்க்கும்போது பெரும்பாலானோர் ப்ராசஸரில்தான் தொடங்குகிறார்கள். டிவியில் தொடங்குங்கள். படத்தைக் கடைசியில் காட்டப்போவது அதுதான். அதன் எச்டிஎம்ஐ போர்ட் எவ்வளவு வாங்கிக்கொள்ளுமோ, அதற்கு மேல் பெட்டிக்குள் எதைப் போட்டாலும் திரைக்கு வந்து சேராது.

ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். டிவி 1080பி-யா 4கே-யா? எச்டிஆர் (ஒளியையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) உண்டா? ஒலி எதில் வரப்போகிறது: டிவியின் ஸ்பீக்கரிலா, சவுண்ட்பாரிலா, பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவரிலா? அதிகம் பார்க்கப்போவது என்ன: சொந்த ஃபைல்களா, கட்டண ஓடிடி-யா, இடையே கேமும் உண்டா?

நான்காவது கேள்விக்கு விடை முழுக்க ஓடிடி என்றால், கம்ப்யூட்டர் கட்டும் எண்ணத்தையே மறுபரிசீலனை செய்யலாம். அந்தச் சேவைகள் கம்ப்யூட்டருக்கு 4கே தருவதில் மிகவும் கறாரானவை. விண்டோஸில் குறிப்பிட்ட பிரவுசரோ செயலியோ வேண்டும், கேபிள் போகும் வழியில் உள்ள எல்லாக் கருவிகளும் எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு முறையை ஏற்க வேண்டும். லினக்ஸ் பிரவுசரில் 4கே-யை எதிர்பார்க்கவே வேண்டாம். டிவியில் செருகும் சின்ன ஸ்டிக் இந்த வேலையைத் தலைவலி இல்லாமல் செய்துவிடும். சொந்தமாகச் சேர்த்து வைத்த படங்களை, அவற்றின் முழுத் தரத்தில், விரும்பிய ஒலியோடும் சப்டைட்டிலோடும் பார்க்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர்.

எச்டிஎம்ஐ: போர்ட், ரிசீவர், கேபிள்

நொடிக்கு 60 ஃப்ரேமில் 4கே காட்ட எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். அதன் கொள்ளளவு 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 கிகாபிட்). எச்டிஎம்ஐ 1.4 இருந்தால் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சினிமா 24 ஃப்ரேம்தானே, போதுமே என்று தோன்றும். ஆனால் மெனுவில் கர்சர் இழுத்து இழுத்து நகரும், எச்டிஆரும் கிடைக்காது. எச்டிஎம்ஐ 2.1-இன் 48 ஜிபிபிஎஸ், 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் கேம் ஆடுபவர்களுக்கு மட்டுமே தேவை. படத்துக்கு 2.0 தாராளம்.

மதர்போர்டோ மினி பிசியோ வாங்கும்போது ‘4கே சப்போர்ட்’ என்ற வரியை நம்பாதீர்கள். 1.4 போர்ட்டைப் பற்றியும் அப்படி எழுத முடியும். ‘4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று எண்ணோடு போட்டிருக்க வேண்டும். ப்ராசஸர் ஆதரித்தாலும், போர்டைச் செய்தவர் அதை வெளியே கொண்டுவந்திருக்காமல் போகலாம்.

இடையில் ஏவி ரிசீவர் இருந்தால் அதன் பதிப்பும் முக்கியம். பழைய 1.4 ரிசீவர் வழியாகப் போகும் படம் அந்த அளவுக்கே இறங்கிவிடும். அப்படிப்பட்ட ரிசீவரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சில டிவிகளிலும் ரிசீவர்களிலும் இஏஆர்சி உண்டு. இரண்டிலும் இருந்தால் கம்ப்யூட்டரை நேராக டிவிக்குக் கொடுத்து, ஒலியை மட்டும் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பலாம். இதன் பழைய வடிவமான சாதாரண ஏஆர்சி, டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற தரம் குறையாத ஒலி வடிவங்களைக் கடத்தாது. ஆப்டிகல் கேபிளும் அப்படியே: ஸ்டீரியோ, அல்லது சுருக்கப்பட்ட 5.1 (ஆறு சேனல்) ஒலி, அவ்வளவுதான்.

கேபிளில் பதிப்பு எண்ணைப் பார்க்காதீர்கள், சான்றிதழின் பெயரைப் பாருங்கள். 18 ஜிபிபிஎஸ்-க்கு ‘ப்ரீமியம் ஹை ஸ்பீட்’, 48-க்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’. பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் ஒட்டியிருக்கும். நீளம் 2 மீட்டருக்குள் இருந்தால் தொல்லை குறைவு. 5 மீட்டரைத் தாண்டினால் ஃபைபர் கேபிள் எடுங்கள். அதற்கு ஒரு முனை கம்ப்யூட்டருக்கு, மறுமுனை டிவிக்கு என்று திசை உண்டு. சுவருக்குள் இழுக்கும் முன் இதைப் பார்க்காவிட்டால் முழுவதையும் உருவி மறுபடி இழுக்க வேண்டிவரும்.

கேபிள் திணறுகிறது என்பதை அறிய மூன்று அடையாளங்கள்: இருண்ட காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்னுவது, திரை இரண்டு நொடி கறுத்துவிட்டு மீண்டு வருவது, சாதாரணப் படம் நன்றாக ஓடி எச்டிஆர் தொடங்கியதும் படம் போய்விடுவது. கேபிள் சரியாக இருந்தும் எச்டிஆர் வரவில்லையென்றால் டிவி மெனுவைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாக ‘என்ஹான்ஸ்டு’, ‘டீப் கலர்’ போன்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கும். பல டிவிகளில் கடையிலிருந்து வரும்போது அது அணைந்தே இருக்கிறது.

ப்ராசஸர்: வேகத்தை அல்ல, டிகோடரைப் பாருங்கள்

சுருக்கி வைத்த 4கே படத்தை விரிப்பதற்கென்றே கிராஃபிக்ஸுக்குள் டிகோடர் என்ற ஒரு தனிப் பகுதி இருக்கிறது. ஃபைலின் கோடெக்கை (படம் சுருக்கப்பட்ட முறையை) அது அறிந்திருந்தால் ப்ராசஸர் சும்மா இருக்கும், ஃபேனும் சத்தம் போடாது. அறியாவிட்டால் எல்லாக் கோர்களும் மூச்சு வாங்கும், படம் வெட்டி வெட்டி ஓடும். எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம்.

இன்று வேண்டிய கோடெக்குகள் மூன்று: எச்.264, 10 பிட் எச்இவிசி, ஏவி1. இன்டெல்லில் 10 பிட் எச்இவிசி 2017-இன் 7-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களிலேயே வந்துவிட்டது. ஏவி1-க்கு 11-ஆம் தலைமுறையின் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஏஎம்டி-யில் ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசையின் உள்கிராஃபிக்ஸ் ஏவி1 அறியும், 5000ஜி வரிசை அறியாது. தனி கார்டு என்றால் என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து உண்டு. ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலும் உண்டு, ஆனால் ஆர்எக்ஸ் 6400-இலும் 6500 எக்ஸ்டி-யிலும் கிடையாது. சின்னதாக, லோ ப்ரொஃபைல் கேபினெட்டில் அடங்கும் கார்டு தேடுபவர்கள் கை வைப்பது சரியாக 6400-இல்தான். கவனம்.

கேம் வேண்டாம் என்றால் தனி கார்டே வேண்டாம். 6 வாட் வகுப்பு இன்டெல் என்100 போட்ட மினி பிசி மூன்று கோடெக்கையும் விரிக்கும்.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். விண்டோஸில் 10 பிட் 4கே ஃபைலை ஓட்டிவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ பகுதியைத் திறந்தால் ‘வீடியோ டிகோட்’ வரைபடம் மேலே ஏறியிருக்க வேண்டும், ப்ராசஸர் வேலைப்பளு சில சதவீதத்தில் கிடக்க வேண்டும். வரைபடம் தரையோடு தரையாக இருந்தால் டிரைவரிலோ ப்ளேயரின் அமைப்பிலோ ஹார்டுவேர் டிகோடிங் அணைந்திருக்கிறது.

ரேம் 8 ஜிபி போதும், பிரவுசரும் ஓடுமென்றால் 16. உள்கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது என்பதால், இடமிருந்தால் ஒரே குச்சிக்குப் பதில் இரண்டாகப் போடுங்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு 250 ஜிபி எஸ்எஸ்டி.

படங்களை எங்கே வைப்பது

60 எம்பிபிஎஸ் ஓடும் 2 மணி நேரப் படம் 54 ஜிபி வரும். கேட்கப் பெரிதாக இருந்தாலும் நொடிக்கு 7.5 எம்பிதான். சாதாரண ஹார்ட் டிஸ்க் இதைப்போல் பல மடங்கு வேகத்தில் படிக்கும். ஆகவே படங்களுக்காக எஸ்எஸ்டி வாங்குவது பண விரயம். ஒரே முறை எழுதிப் பல முறை படிப்பதால் மறுபடி எழுதுவதில் மெதுவான எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கும் இங்கே பரவாயில்லை. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு போடப்போகிறீர்கள் என்றால் மட்டும் அந்தக் குறை இல்லாத சிஎம்ஆர் வகையையே கேட்டு வாங்குங்கள். ஃபார்மட் செய்யும்போது ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை அது ஏற்காது.

முடிந்தால் டிஸ்க்கை ஹாலிலேயே வைக்காதீர்கள். இன்னொரு அறையில் ஒரு நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி) பழைய கம்ப்யூட்டரோ இருந்தால் அதில் போட்டு லேன் கேபிளில் கொண்டுவாருங்கள். வழி நெடுக கிகாபிட் இருக்க வேண்டும். 4கே ப்ளூ-ரேயின் உச்ச வேகம் 100 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டக்கூடியது. நடுவில் ஒரு பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் இருந்தால் படம் முழுக்க நன்றாக ஓடிவிட்டு, மழையோ வெடிப்போ வரும் காட்சியில் மட்டும் திக்கும். ஃபைல்தான் கெட்டுவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ப்ளூ-ரே டிரைவ் பற்றி ஒரு எச்சரிக்கை. 4கே ப்ளூ-ரேயைக் கம்ப்யூட்டரில் அதிகாரப்பூர்வமாக ஓட்ட இன்டெல் ப்ராசஸர்களில் உள்ள எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. 11-ஆம் தலைமுறை முதல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் அது நீக்கப்பட்டுவிட்டது. ப்ளூ-ரே தட்டுகள் நிறைய வைத்திருப்பவர்களுக்குத் தனி ப்ளேயரே நல்லது.

சத்தம்

படத்தில் இருவர் கிசுகிசுக்கும் இடத்தில் பெட்டியின் இரைச்சல் கேட்டால் மற்ற எல்லாத் தேர்வும் பாழ். ஒரே அளவு காற்றைத் தள்ள 40 மி.மீ. ஃபேன் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றியாக வேண்டும். 120 மி.மீ. ஃபேன் 600, 700 சுற்றில் சத்தமின்றி முடித்துவிடும். அதனால் தீப்பெட்டி போல ஒல்லியான கேபினெட்டைவிட, ஒரு 120 மி.மீ. ஃபேன் மாட்ட இடமுள்ள பெட்டி மேல். ஒல்லியானதுதான் வேண்டுமென்றால் கூலரின் உயரத்தை முதலில் பாருங்கள். நாக்டுவா என்எச்-எல்9ஐ என்ற கூலர் 37 மி.மீ. உயரம். கேபினெட்டின் விவரத்தில் இதைவிட அதிக இடம் குறிப்பிட்டிருக்க வேண்டும், கூலருக்கு மேலே காற்று இழுக்கவும் கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

காது ஒரே சீரான ஓசையை மறந்துவிடும், ஏறி இறங்கும் ஓசையை மறக்காது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) ஃபேன் அமைப்புக்குப் போய், 60 டிகிரி வரை ஒரே குறைந்த வேகத்தில் ஓடும்படி வேக வரைபடத்தின் கோட்டைப் படுக்கையாக வையுங்கள். வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதம் கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் கொடுங்கள். புதிய ஃபேன் வாங்குவதைவிட இது அதிகம் உதவும்.

ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருந்துதான் ஆக வேண்டும் என்றால் ரப்பர் வாஷர் போட்டு மாட்டுங்கள். டிஸ்க்கின் அதிர்வு கேபினெட்டுக்குப் போய், அங்கிருந்து டிவி ஸ்டாண்டின் மரப்பலகைக்கு இறங்கினால் பலகை மேளத்தோல் மாதிரி உறுமும். கேபினெட்டின் அடியிலும் மெத்தென்ற பாதங்கள் வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் பெட்டியை அடைக்காதீர்கள். வெளியே தள்ளிய சூடான காற்றையே மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். பின்னால் 10 செ.மீ. திறப்பாவது விடுங்கள். தனி கார்டு இல்லாத பெட்டிக்கு 300 முதல் 400 வாட் பவர் சப்ளை மிகுதி. குறைந்த சுமையில் ஃபேனை நிறுத்திவிடும் மாடலாகப் பாருங்கள்.

ரிமோட்

சோபாவிலிருந்து ஒரே ரிமோட்டில் எல்லாம் நடக்க வேண்டும். டிவி ரிமோட்டே வேலை செய்ய, அதன் கட்டளையை எச்டிஎம்ஐ கேபிள் வழியே கடத்தும் எச்டிஎம்ஐ-சிஇசி வேண்டும், ஆனால் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கார்டுகளில் அது பெரும்பாலும் கிடையாது. தனி சிஇசி அடாப்டர் கிடைக்கிறது. அது கேபிளின் நடுவே உட்காருவதால் 4கே 60 ஹெர்ட்ஸைக் கடத்துமா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொரு வழி, ஃப்ளிர்க் போன்ற யூஎஸ்பி ஐஆர் (அகச்சிவப்பு) ரிசீவர். வீட்டில் கிடக்கும் எந்த ஐஆர் ரிமோட்டையும் அதற்குக் கற்றுக்கொடுத்துவிடலாம், கம்ப்யூட்டருக்கு அது கீபோர்டாகவே தெரியும். டச்பேட் வைத்த சிறிய வயர்லெஸ் கீபோர்டு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். பெயர் தேட, அப்டேட் செய்ய அது இல்லாமல் முடியாது.

அந்தக் கீபோர்டு இரண்டு மீட்டரிலேயே எழுத்தை விழுங்கினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் செருகிய டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். கீபோர்டின் ரிசீவரும் அதே அலைவரிசைதான். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரைப் பெட்டியிலிருந்து விலக்கி, டிவிக்கு முன்னால் வையுங்கள். அநேகமாக அத்தோடு தீரும்.

ரிமோட்டால் தூங்க வைக்க முடிகிறது, எழுப்ப முடியவில்லை என்றால் பயாஸில் ‘இஆர்பி’ என்ற மின்சேமிப்பு அமைப்பை அணைத்துவிட்டு, யூஎஸ்பி-யால் எழுப்பும் வசதியை இயக்குங்கள். தூக்கத்தில் யூஎஸ்பி-க்கு மின்சாரம் போகாததுதான் காரணம்.

மாட்டிய பிறகு

கறுப்பைப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு அகலத்திரைப் படம் ஒன்றை ஓட்டுங்கள். மேலும் கீழும் உள்ள பட்டைகள் சாம்பல் பூத்திருந்தால் கம்ப்யூட்டர் கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவை 16–235 வீச்சில் அனுப்புகிறது, டிவி 0–255 என்று நினைக்கிறது. பட்டை கரியாக இருந்து, கதாபாத்திரத்தின் தலைமுடியில் இழை எதுவும் தெரியாமல் ஒரே மைத்திட்டாக இருந்தால் நேர்மாறு. கிராஃபிக்ஸ் டிரைவரில், ப்ளேயரில், டிவியில் என மூன்று இடத்திலும் இந்த அமைப்பு இருக்கும். ஒரே இடத்தில் மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றையும் தொட்டால் எது சரி என்றே தெரியாது.

அடுத்து ரிஃப்ரெஷ் ரேட். பெரும்பாலான சினிமா ஃபைல்கள் நொடிக்கு 23.976 ஃப்ரேம். டிவி 60 ஹெர்ட்ஸில் நின்றால் ஒரு ஃப்ரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று காட்டப்படும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சி தடுக்கித் தடுக்கிப் போவது அதனால்தான். கோடி (Kodi) என்ற ப்ளேயர் மென்பொருளில் ‘டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்டைச் சரிசெய்’ என்ற பொருளில் உள்ள அமைப்பை இயக்கினால் டிவியை 23.976-க்கு மாற்றிவிடும். டிரைவர் பட்டியலில் 23 என்றும் 24 என்றும் இரண்டு காட்டினால், 23 என்பதே 23.976. அந்த ஃபைலை 24-இல் ஓட்டினால் ஏறத்தாழ 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் திரும்ப வந்து, படம் ஒரு கணம் விக்கும்.

ரிசீவரில் ‘டால்பி அட்மாஸ்’ என்ற எழுத்து வராமல் வெறும் ‘பிசிஎம்’ என்று காட்டினால், ப்ளேயரில் பாஸ்த்ரூவை (ஒலியை விரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) இயக்கி, விண்டோஸில் ஒலி வெளியீட்டை வாசாபி என்பதற்கு மாற்றுங்கள். டைரக்ட்சவுண்டில் பாஸ்த்ரூ நடக்காது.

பெட்டியை அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்து, முழுநீள 4கே எச்டிஆர் படம் ஒன்றை இடையில் நிறுத்தாமல் ஓட்டி, முடியும்போது வெப்பத்தையும் சத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மேஜையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும் சோதனையில் அலமாரியின் சூடு தெரியவராது. மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். அதுவரை அட்டைப்பெட்டிகளைத் தூக்கி எறிய வேண்டாம்.