புதிய மதர்போர்டில் ரேம் ஒத்துப்போகவில்லையா? அவசரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

புதிய மதர்போர்டில் பிராசசரையும் ரேமையும் பொருத்தி முதன்முறையாகப் பவர் கொடுக்கிறோம். விசிறிகள் சுழல்கின்றன, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. போர்டின் ஓரத்தில் 'டிராம்' என்று குறிக்கப்பட்ட சிறு விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. பெரும்பாலானோர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, ரேம் இந்த போர்டுக்குச் சேரவில்லை என்று முடிவுகட்டி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார்கள். டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேமைப் பொறுத்தவரை முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்.

டிடிஆர்5 ரேமுடன் கணினி முதன்முறை இயங்கும்போது, பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், ரேமுக்குச் செல்லும் ஒவ்வொரு தடத்திலும் சிக்னலை எந்தக் கணத்தில், எந்த மின்னழுத்தத்தில் பிழையின்றிப் படிக்கலாம் என்று மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்க்கிறது. 'மெமரி டிரெயினிங்' எனப்படும் இந்த வேலைக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். 2022இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில், அதிலும் 64 ஜிபி போன்ற பெரிய கொள்ளளவில், இன்னும் கூடுதலாகவே பிடிக்கும். இடையில் அணைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நண்பர் ஒருவர் இரண்டு 32 ஜிபி ஸ்டிக்குகளைப் பழுதென்று நினைத்துக் கடைக்கே எடுத்துச் செல்லவிருந்தார். மறுபடி பொருத்தி, பட்டனைத் தொடாமல் விட்டுவிட்டு இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய ஆறாவது நிமிடத்தில் திரையில் பயாஸ், அதாவது போர்டின் அடிப்படை மென்பொருள், தெரிந்தது. கால் மணி நேரமாவது காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த காரணத்தைத் தேட வேண்டும்.

காத்திருந்தும் பலனில்லையென்றால் வாங்கிய பொருளே சரிதானா என்று பார்க்கலாம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள்தாம். ஆனால் நடுவிலுள்ள வெட்டின் இடம் வேறு என்பதால், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் இறங்காது. இறங்காததை அழுத்தி இறக்க முயன்றால் ஸ்லாட் உடையும். இன்டெலின் 12 முதல் 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் இரு வகையையும் ஏற்பவை என்பதால், பி760, இசட்790 போன்ற சிப்செட் (போர்டிலுள்ள கட்டுப்பாட்டுச் சிப்) பெயர்களில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. சிப்செட் பெயரை மட்டும் நம்பி ரேம் வாங்குவது ஆபத்து. ஏஎம்4 போர்டென்றால் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டிடிஆர்4 சர்வர் ரேமிடமும் எச்சரிக்கை வேண்டும். பெரும்பாலும் சிக்னலை இடையில் வாங்கிக் கொடுக்கும் தனிச் சிப் கொண்ட 'ரெஜிஸ்டர்டு' வகையைச் சேர்ந்த அது வீட்டுக் கணினி போர்டில் அழகாகப் பொருந்தும், ஆனால் இயங்காது.

பொருத்துவதில் நேரும் பிழைகள் எளியவை. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் போடுவதானால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும், அதாவது ஏ2, பி2 என்ற ஸ்லாட்டுகளில் போடுவதே வழக்கம். போர்டின் கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். பல போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே கொக்கி இருப்பதால், அது 'டக்' என்று விழுந்தும் மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பதுண்டு. பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால், ஸ்டிக்கின் விளிம்பு ஸ்லாட்டுக்கு இணையாக இருக்கிறதா, சரிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஸ்டிக்குகளோடு, அதே மாடல் எண்ணில் இன்னும் இரண்டு வாங்கிச் சேர்ப்பது பலர் செய்யும் தவறு. பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தாலும், வேறு சமயத்தில் தயாரான பெட்டியில் வேறு நிறுவனத்தின் சிப்புகள் இருக்கக்கூடும். சிப்புகள் ஒன்றே என்றாலும், நான்கு ஸ்டிக்குகளைத் தாங்குவது கன்ட்ரோலருக்குக் கூடுதல் சுமை: ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக்கென்றால் 5200 எம்டி/எஸ் (விநாடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றங்கள்), நான்கென்றால் 3600 என்றே ஏஎம்டி அதிகாரபூர்வ வேகத்தைக் கொடுத்திருக்கிறது. ஆகவே 64 ஜிபி வேண்டுமானால், நான்கு 16 ஜிபியைவிட, ஒரே பெட்டியில் வரும் இரண்டு 32 ஜிபி ஸ்டிக்குகளை வாங்குவதே நல்லது என்பேன்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6000 என்ற எண்ணை நம்பி, முதல் நாளே ரேமை அந்த வேகத்துக்கு உயர்த்தும் எக்ஸ்எம்பி (இன்டெல்) அல்லது எக்ஸ்போ (ஏஎம்டி) அமைப்பை பயாஸில் இயக்கிவிடுவதும் தொல்லை தரும். அந்த வேகத்துக்கு உறுதி கொடுப்பது ரேம் தயாரிப்பாளர்தான். உங்கள் பிராசசரும் போர்டும் அல்ல. முதலில் இயல்பான வேகத்தில் இயங்க விட்டு, போர்டு நிறுவனத்தின் பொருந்தும் ரேம் பட்டியலில் உங்கள் மாடல் எண் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகு வேகத்தை உயர்த்துங்கள். உயர்த்தியதும் திரை வராமல் போனால், மின் இணைப்பைத் துண்டித்து, கையேடு காட்டும் இடத்தில், பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் சிமாஸை அழித்தால் பழைய நிலை திரும்பும்.

24, 48 ஜிபி ஸ்டிக்குகள் 2023இல்தான் டெஸ்க்டாப் சந்தைக்கு வந்தன. அதற்கு முந்தைய பயாஸ் உள்ள போர்டு அவற்றை அறியாது. பின்புறம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருந்தால், ரேம் இல்லாமலேயே பென் டிரைவ் கொண்டு புதுப்பிக்கலாம். உயர்த்திய வேகத்தில் தடுமாறும் ரேமோடு பயாஸைப் புதுப்பிக்க முனையாதீர்கள். பாதியில் நின்றால் போர்டே போய்விடும்.

பலரும் எண்ணிப் பார்க்காத காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனித்தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். இரண்டுமே பி2வில் இயங்கி, ஏ2வில் இரண்டுமே இயங்கவில்லை என்றால் குற்றம் ரேமில் இல்லை. பிராசசர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கலாம், அல்லது கூலரின் திருகுகளை ஒரு பக்கமாக இறுக்கியதால் பிராசசர் சரியாகப் பதியாமல் இருக்கலாம். கூலரைக் கழற்றி, திருகுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கியதுமே காணாமற்போன 16 ஜிபி திரும்பி வருவதுண்டு.

கணினி இயங்கத் தொடங்கியதும் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை இரவு முழுவதும் ஓட விடுங்கள்; ஒரே ஒரு பிழை வந்தாலும் அதைப் பொருட்படுத்தத்தான் வேண்டும். உயர்த்திய வேகத்தில் மட்டும் பிழை வருமானால் 6000ஐ 5600ஆகக் குறைத்து மீண்டும் சோதியுங்கள். இயல்பான வேகத்திலும், ஸ்லாட்டை மாற்றியும் ஒரே ஸ்டிக்கில் பிழை தொடர்ந்தால் அது பழுது. வாரண்டியில் கொடுக்கும்போது நல்ல ஸ்டிக்கை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இரண்டையும் சேர்த்தே கொடுத்து, ஒரே பெட்டியில் வந்த ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள்.