பனிமலை ஏறுவோர் குளிர் விஷயத்தில் செய்யும் தவறுகள்

உத்தரகண்டில் உள்ள கேதார்காந்தா சிகரம் சுமார் 12,500 அடி உயரமுடையது. முதன்முறையாகப் பனியில் ஏறுவோருக்கு ஏற்ற மலை என்று பெயர் எடுத்திருப்பதால், குளிர்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் டேராடூன் வழியாக அடிவார ஊரான சாங்க்ரிக்குச் செல்கிறார்கள். வெயிலிலேயே வளர்ந்த நமக்குக் குளிர் என்றவுடன் தடித்த உடைதான் நினைவுக்கு வருகிறது; ஆனால் அந்த மலையில் பெரும்பாலான தொல்லைகள் ஈரத்திலிருந்தே தொடங்குகின்றன.

இருக்கும் உடைகளையெல்லாம் மாட்டிக்கொண்டு காலையில் நடக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. ஏற்றத்தில் கால் மணி நேரம் நடந்தாலே உடல் சூடேறி முதுகு நனைந்துவிடும். நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஓய்வுக்காக உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த வியர்வையே உடலின் வெப்பத்தை உறிஞ்சத் தொடங்கும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதே இதற்குக் காரணம். ஆகவே புறப்படும்போது சற்றுக் குளிர்வதுபோல் இருப்பதே சரியான அளவு. நடக்கும்போது ஓர் உடையைக் கழற்றிப் பையில் வைப்பதும், நின்றவுடன், குளிர் உறைக்கும் முன்பே, அதை எடுத்து அணிவதும் சோம்பலின்றிச் செய்ய வேண்டிய வேலைகள்.

அந்த ஈரத்தை உடலோடு ஒட்டவைத்திருப்பது பருத்தி. நம் ஊர் வெயிலுக்கு இதைவிட நல்ல துணி கிடையாது, ஆனால் பனியில் இதுவே எதிரி. உள்ளே பருத்திப் பனியனும் மேலே விலையுயர்ந்த ஜாக்கெட்டும் அணிவதால் பயனில்லை. ஜீன்ஸ் இன்னும் மோசம்: பகலில் பனி ஒட்டி உருகி நனைந்த அதன் கீழ் விளிம்பு, மாலையில் உறைந்து பலகைபோல் விறைத்து, ஒவ்வோர் அடிக்கும் கணுக்காலில் உரசும். உடலை ஒட்டிக் கம்பளியிலோ செயற்கை இழையிலோ ஆன தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழை மேலுடை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் நீரையும் தடுக்கும் ஜாக்கெட் என மூன்று அடுக்குகள் போதும். வெளி அடுக்கைச் சுமை என்று விட்டுச் செல்லக் கூடாது. வெப்பநிலை மைனஸ் 5 டிகிரியாக இருக்கையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது மைனஸ் 13 டிகிரிபோல் உறைக்கும்.

கால் விரல்கள் மரத்துப்போகின்றன என்பவரின் காலணியைக் கழற்றச் சொன்னால், பல நேரங்களில் உள்ளே இரண்டு மூன்று ஜோடி சாக்ஸ் திணிக்கப்பட்டிருக்கும். இறுக்கம் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. இரத்தம் சேராத விரலுக்கு எத்தனை சாக்ஸ் போட்டாலும் சூடு வராது. காலணிக்குள் விரல்களைத் தாராளமாக அசைக்க முடிய வேண்டும். கூடாரத்தை அடைந்ததும் சாக்ஸை மாற்றிவிட வேண்டும். தூங்குவதற்கென்று ஒரு ஜோடியைக் காலணிக்குள் நுழைக்காமலேயே காப்பாற்றி வைத்திருப்பது நல்லது.

இரவில் ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தரும் என்று நம்பிப் பலர் நடுங்கிக்கொண்டே அதற்குள் நுழைகிறார்கள். அது நம் உடலின் சூட்டைக் காக்குமே தவிர உண்டாக்காது. வயிறாரச் சாப்பிட்டு, சற்று நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு படுக்க வேண்டும். அடியில் விரிக்கும் பாய் மெலிந்திருந்தால் உடலின் சூடு தரைக்குப் போய்விடும். முகத்தையும் உள்ளே இழுத்து மூடிக்கொண்டால் மூச்சின் ஈரத்தில் பை நனையும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் கரி அடுப்பு மூட்டுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு, தூங்குபவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். மதுவும் தோலில் சூடு பரவுவதுபோல் காட்டிவிட்டு உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீரைக் குறைப்பதும் தவறே. குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும். வறண்ட காற்றில் மூச்சின் வழியாகவும் நீர் போகும். பாட்டிலை நன்றாக மூடித் தலைகீழாக வைத்தால், பனிக்கட்டி மேற்புறத்திலிருந்தே உருவாவதால், வாய்ப்பகுதி எளிதில் அடைபடாது.

இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, கூட வருபவரின் நடுக்கத்தை அலட்சியப்படுத்துவது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பேச்சு குழறும், நடை தடுமாறும், கையுறையை மாட்டக்கூட விரல்கள் ஒத்துழைக்காது. நடுக்கம் நின்றுவிட்டதே என்று அப்போது நிம்மதி அடைந்துவிடக் கூடாது. உடல் சூடாகாமலே நடுக்கம் நின்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். அத்தகையவரை “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று சிகரத்தை நோக்கி நடத்தாமல், காற்றுப் படாத இடத்தில் ஈர உடைகளை மாற்றி, உலர்ந்த போர்வையால் சுற்றி, விழுங்கும் அளவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, வழிகாட்டியிடம் உடனே சொல்லி, கீழே கொண்டுசெல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். கைகால்களைத் தேய்த்துவிடுவது உதவி என்று தோன்றினாலும் அதைச் செய்யக் கூடாது. உறைந்துபோன விரல்களைத் தேய்த்தால் உள்ளே திசுக்கள் கிழிபடும்.