மலிவு போனின் முழு விலை: போன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்ஏஎச் என்று மறக்காமல் விசாரிக்கிறார்கள். இதில் எந்தெந்த சிம் வேலை செய்யும், எந்தெந்த பேண்ட், அதாவது சிக்னல் வரும் அலைவரிசை, இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். வாங்கிய பிறகு வருகிற தலைவலி பெரும்பாலும் இந்தக் கேட்காத கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது.

நெட்வொர்க் கம்பெனிகளே விற்கும் போன்களை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைப் போனின் விலை என்று நம்புவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குக் கையில் சிடிஎம்ஏ என்ற தொழில்நுட்பத்தில் ஓடும் போனைக் கொடுத்தபோது ஊரே வரிசையில் நின்றது. அந்தப் போனில் கழற்றி மாற்ற சிம் என்று ஒன்று கிடையாது. வேறு கம்பெனிக்குப் போவதென்றால் போனையும் சேர்த்துத்தான் தலைமுழுக வேண்டும்.

2017-ல் ஏர்டெல்லும் கார்பனும் சேர்ந்து ஏ40 இந்தியன் என்ற ஸ்மார்ட்போனை இறக்கின. விளம்பரத்தில் 1,399 ரூபாய். கடையில் கொடுக்க வேண்டியதோ 2,899. மாதம் 169 ரூபாய் வீதம் 36 மாதம் விடாமல் ரீசார்ஜ் செய்தால், 18 மாதம் கழித்து 500 ரூபாயும் 36 மாதம் முடிந்ததும் 1,000 ரூபாயும் திரும்ப வரும். அந்த 1,500-ஐக் கழித்துத்தான் 1,399 என்று போட்டார்கள். சரி, ரீசார்ஜையும் கூட்டிப் பாருங்கள்: 36 மாதத்துக்கு 6,084 ரூபாய். பணம் திரும்ப வந்த பிறகும் கையை விட்டுப் போனது 7,483. அதே ஆண்டு ஜியோபோனை ‘இலவசம்’ என்று அறிவித்தார்கள். முன்பணம் 1,500, மூன்று வருடம் கழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். வருடத்துக்குக் குறைந்தது 1,500 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை, முன்பதிவு செய்த பிறகுதான் பலருக்குத் தெரியவந்தது.

இதையெல்லாம் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். 4ஜி பல கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்ததே ஜியோபோன் வழியாகத்தான். ஆனால் கணக்கு போட்டுவிட்டு வாங்க வேண்டும். 2023 ஜூலையில் ஜியோ பாரத் பட்டன் போன் வந்தபோது விலை 999 ரூபாய், ரீசார்ஜ் 28 நாளுக்கு 123. கவனியுங்கள், 28 நாள், ஒரு மாதம் அல்ல. அந்தக் கணக்கில் வருடத்துக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 1,599 ரூபாய் ஆகிறது. முதல் வருட ரீசார்ஜே போனின் விலையைத் தாண்டிவிடுகிறது. வேறு சிம் போடவும் வழியில்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாங்கித் தருவதாக இருந்தால், முதலில் அவர் அடுப்படியில் நின்று பேசும்போது எந்தக் கம்பெனி சிக்னல் எடுக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வகைப் போன்களில் இன்றைக்கு இருக்கும் ஆப் நாளைக்கும் இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஜியோபோனுக்கு 2018-ல் வாட்ஸ்அப் வந்தது. அதற்காகவே வாங்கியவர்கள் உண்டு. 2024 ஜூனில், ஜியோபோன் ஓடும் கைஓஎஸ் மென்பொருளின் ஆப் ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப் எடுக்கப்பட்டது. அதன்பின் புதிதாக இறக்கிக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் 5ஜி. இந்தியாவில் முதல் 5ஜி போன்கள் 2020 பிப்ரவரியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. சேவை தொடங்கியது 2022 அக்டோபர் 1-ல். இரண்டரை வருடம் பலர் 5ஜி ஸ்டிக்கர் ஒட்டிய 4ஜி போனைத்தான் வைத்திருந்தார்கள். சேவை வந்த அன்றும் பல போன்களில் அது வேலை செய்யவில்லை. ஐபோன்களுக்கே டிசம்பரில் அப்டேட் வந்த பிறகுதான் கிடைத்தது. வராத சேவைக்காக முன்கூட்டியே கூடுதல் பணம் கொடுப்பது அநேகமாக நஷ்டம்தான். அடுத்து 6ஜி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அப்போதும் இதே கதைதான்.

5ஜி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் பக்கத்தில் ‘நெட்வொர்க்’ என்ற பகுதிக்குக் கீழே பேண்ட் எண்கள் வரிசையாக இருக்கும். அதில் என்28 (n28), என்78 (n78) இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். என்78 என்பது 3,300 மெகாஹெர்ட்ஸ் பக்கம். வேகம் தரும், ஆனால் சுவர் தாண்டத் திணறும். என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். வீட்டுக்குள் நுழையும், தூரமும் போகும். ஜியோவின் 5ஜி இரண்டையும் பயன்படுத்துகிறது. அதோடு, ஜியோவின் 5ஜி 4ஜியின் துணையில்லாமல் தனியே இயங்கும் எஸ்ஏ வகை. ஏர்டெல் தொடங்கியது 4ஜியின் மேல் ஏறி ஓடும் என்எஸ்ஏ வகை. போன் இரண்டுக்கும் ஒத்துவர வேண்டும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. 5ஜி போனை வாங்கிவிட்டு, பழைய பழக்கத்தில் தினம் 1.5 ஜிபி பிளானையே போட்டுக்கொண்டிருப்பவர்கள். 2024 ஜூலை கட்டண உயர்வோடு, ஜியோவும் ஏர்டெல்லும் அளவில்லா 5ஜியைத் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பிளான்களோடு நிறுத்திக்கொண்டன. போன் வாங்கும்போது பிளானின் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தக் கட்டண உயர்வில் வெறுத்துப்போய் பிஎஸ்என்எல்லுக்கு மாறியவர்களுக்கும் பேண்ட் விஷயம் முக்கியம். பிஎஸ்என்எல் 4ஜி 700, 2,100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது. பழைய மலிவு 4ஜி போன்கள் பலவற்றில் 700-க்கான பேண்ட் 28 கிடையாது. 700-ல் மட்டும் இயங்கும் டவர் எதிரிலேயே இருந்தாலும் அந்தப் போனுக்கு அது தெரியாது. போர்ட் செய்வதற்கு முன்பு பார்க்க வேண்டிய விஷயம் இது.

வெளிநாட்டிலிருந்து வரும் போனில் வேறு சிக்கல். அமெரிக்காவில் நெட்வொர்க் கம்பெனி தவணையில் கொடுத்த போன், பாக்கி தீரும் வரை பெரும்பாலும் லாக் ஆகியிருக்கும், அதாவது வேறு கம்பெனி சிம்மை ஏற்காது. ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் ‘கேரியர் லாக்’ என்ற வரியைப் பாருங்கள். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். அதெல்லாம் வேண்டாம், சிம்மோடு ஒட்டுகிற சின்ன சிப் ஒன்று போட்டால் ஓடும் என்று கடைக்காரர் சொன்னால் அது லாக் ஆன போன்தான். அடுத்த அப்டேட்டில் நின்றுபோகக்கூடும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் சிம் போடும் இடமே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். போன் திடீரென்று செத்தால், சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டு வங்கி ஓடிபி வாங்க முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘8+8 ஜிபி ரேம்’ என்றால் ரேம் 8 ஜிபிதான். மீதி 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, அந்த அளவு வேகம் வராது. பின்பக்கம் மூன்று கேமரா இருந்தாலும் இரண்டு வெறும் 2 மெகாபிக்சல் என்றால் அவை அலங்காரம். அப்டேட் எத்தனை வருடம் என்று கேளுங்கள்: பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள், மலிவு மாடல்களுக்கு அதில் பாதிகூட வராமல் போகலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் பணத்தை நீட்டுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்தப் போனில் *#06# அழுத்தினால் அதன் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். உங்கள் போனிலிருந்து ‘கேஒய்எம்’ (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த எண் என்று தட்டி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பிளாக் லிஸ்ட் என்றோ, டூப்ளிகேட் என்றோ பதில் வந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.